பெர்ல் மொழியின் உள்ளமைந்த மாறிகளை லினக்ஸ், மேக், விண்டோஸ் மூன்றிலும் சோதிப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லினக்ஸில் எழுதிய பெர்ல் ஸ்கிரிப்டுகளை விண்டோஸிலும் மேக்கிலும் ஓடவைக்கும் வேலையில் பல வருடங்களாக இருக்கிறேன். குழுவுக்குப் புதிதாக வருகிறவர்கள் கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கின்றன. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருப்பதைவிட ஒரே இடத்தில் எழுதிவைத்தால் நல்லது என்று தோன்றியது. கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே விட்டிருக்கிறேன்.

படிக்கும் முன் ஒரு விஷயம். எழுத்து வரும் மாறிகளை உச்சரிப்பிலேயே எழுதியிருக்கிறேன்: `$^ஓ`, `$^எக்ஸ்`, `%என்வ்` என்பதுபோல. தட்டச்சு செய்யும்போது அந்தந்த ஆங்கில எழுத்தைப் போட்டுக்கொள்ளுங்கள். குறியீடுகளும் எண்களும் உள்ளபடியே இருக்கின்றன.

1. உள்ளமைந்த மாறின்னா என்ன? நான் எதையும் அறிவிக்கலையே, `$0` எங்கிருந்து வந்துச்சு?

நீங்கள் அறிவிக்காமலேயே மொழி உங்களுக்காகத் தயாராக வைத்திருக்கும் மாறிகள் இவை. `$0` ஓடிக்கொண்டிருக்கும் ஸ்கிரிப்டின் பெயர், `$$` ப்ராசஸ் எண், `$!` கடைசியாக வந்த சிஸ்டம் பிழை, `$?` கடைசியாக ஓடி முடிந்த வெளி நிரலின் நிலை, `$/` ஒரு வரி எங்கே முடிகிறது என்பதற்கான குறி. லாரி வால் 1987இல் பெர்லை வெளியிட்டபோது ஷெல் (கட்டளை வரி மொழி), ஆக் (உரையைப் பிரித்தெடுக்கும் சிறு மொழி) இரண்டிலும் பழகியவர்களை மனதில் வைத்திருந்தார். `$0`, `$$`, `$?` மூன்றும் ஷெல்லிலிருந்து வந்தவை. `$/`, `$,` போன்றவற்றுக்கு மூலம் ஆக்.

இவற்றில் பல வெறும் பெட்டிகள் அல்ல. `$!`-ஐப் படித்தால் அந்த நொடியில் சி நூலகம் வைத்திருக்கும் பிழை எண் வருகிறது. `$0`-இல் எழுதினால் இயங்குதளத்தின் ப்ராசஸ் பட்டியலில் பெயர் மாறுகிறது. பெர்ல் உலகில் இதற்கு ‘மேஜிக்’ என்றே பெயர். மாறிக்குப் பின்னால் இயங்குதளம் நிற்பதால்தான் தளம் மாறும்போது விடையும் மாறுகிறது.

2. பெர்லை வெளியிடுறவங்களே சோதிச்சுத்தானே விடுறாங்க? நான் ஏன் மறுபடியும் சோதிக்கணும்?

அவர்கள் சோதிக்கிறார்கள், நிறையவே. பெர்லின் மூலநிரலில் இந்த மாறிகளுக்கென்றே ‘டி/ஓபி/மேஜிக்.டி’ என்று ஒரு சோதனைக் கோப்பு இருக்கிறது. அதை ஒருமுறை திறந்து பாருங்கள். தொடக்கத்திலேயே “இது விண்டோஸா, விஎம்எஸ்ஸா, சிக்வின்னா” என்று கேட்டு வைத்துக்கொண்டு, தளத்துக்குத் தளம் எதிர்பார்ப்பை மாற்றிக்கொண்டே போகும் (விஎம்எஸ் ஒரு பழைய இயங்குதளம், சிக்வின் விண்டோஸுக்குள் யூனிக்ஸ் போன்ற சூழலைத் தரும் மென்பொருள்). நான் இந்த வேலையைக் கற்றுக்கொண்டதே பெரும்பாலும் அந்தக் கோப்பிலிருந்துதான்.

ஆனால் பெர்ல் தான் கொடுத்த வாக்கைக் காப்பாற்றுகிறதா என்பதைத்தான் அவர்களின் சோதனை பார்க்கிறது. அந்த வாக்கை நீங்கள் சரியாகப் புரிந்துகொண்டீர்களா என்று அது பார்க்காது. உங்கள் லினக்ஸில் `$!` 11 என்று வந்ததை வைத்து “11 வந்தால் மறுபடி முயற்சி செய்” என்று எழுதியிருந்தால், அது பெர்ல் கொடுத்த வாக்கு இல்லை, உங்கள் இயந்திரத்தில் தற்செயலாகக் கண்ட மதிப்பு. உங்கள் சோதனை பிடிக்கவேண்டியது இந்த இடைவெளியை. சோதனை எழுதும்முன் ‘பெர்ல்வார்’, ‘பெர்ல்போர்ட்’ இரண்டு ஆவணங்களிலும் அந்த மாறியைத் தேடிப் படித்துவிடுங்கள். முதலாவது வாக்கைச் சொல்லும், இரண்டாவது தளங்களுக்கு இடையிலான வேறுபாடுகளைச் சொல்லும்.

3. ஸ்கிரிப்ட் எந்த ஓஎஸ்ல ஓடுதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

`$^ஓ` என்ற மாறியில் இருக்கிறது. லினக்ஸில் ‘லினக்ஸ்’, மேக்கில் ‘டார்வின்’, விண்டோஸில் ‘எம்எஸ்வின்32’. 64 பிட் விண்டோஸாக இருந்தாலும் அந்த 32 அப்படியே இருக்கும், அதை வைத்து எந்த முடிவுக்கும் வரவேண்டாம். சிக்வினுக்கு ‘சிக்வின்’. ஆண்ட்ராய்டில் டெர்மக்ஸ் வழியாக ஓட்டினால் ‘ஆண்ட்ராய்டு’. விண்டோஸுக்குள் டபிள்யூஎஸ்எல் (விண்டோஸிலேயே லினக்ஸை ஓட்டும் வசதி) போட்டு அதில் ஓட்டினால் ‘லினக்ஸ்’ என்றுதான் வரும், அது சரியும்கூட.

எல்லோரும் ஒருமுறையாவது விழும் குழி ஒன்று இங்கே உண்டு. பெயரில் ‘வின்’ இருக்கிறதா என்று மட்டும் பார்த்து விண்டோஸ் என்று முடிவு செய்வது. ‘டார்வின்’ என்பதைச் சத்தமாகச் சொல்லிப் பாருங்கள், கடைசியில் ‘வின்’ இருக்கிறது! ‘சிக்வின்’னிலும் இருக்கிறது. எனக்கு வந்த ஒரு ஸ்கிரிப்டில் இந்தப் பிழையால் மேக்கில் பாதைகளெல்லாம் பின்சாய்வுக் கோட்டோடு உருவாகி, பெயருக்குள்ளேயே பின்சாய்வுக் கோடு உள்ள கோப்புகள் ஒரே அடைவில் குவிந்திருந்தன. பெயர் முழுவதும் சமமா என்று ஒப்பிடுங்கள், துண்டைத் தேடாதீர்கள்.

4. அப்போ ஒவ்வொரு ஓஎஸ்ஸுக்கும் ஒரு இஃப் போட்டுட்டா வேலை முடிஞ்சுதா?

முடியாது. நாளை ஹைக்குவிலோ சோலாரிஸிலோ ஒருவர் ஓட்டினால் உங்கள் பட்டியலில் அந்தப் பெயர் இருக்காது. பெயரைக் கேட்பதைவிடத் திறனைக் கேட்பது நல்லது. பெர்லோடு வரும் ‘கான்ஃபிக்’ தொகுதியில் ‘டி_ஃபோர்க்’, ‘டி_சிம்லிங்க்’ போன்ற விவரங்கள் இருக்கின்றன. உண்மையான ஃபோர்க் (ஓடும் ப்ராசஸை நகலெடுத்துப் புதிதாக ஒன்றை உருவாக்குவது) வேண்டும் என்றால் “இது விண்டோஸா” என்று கேட்காமல் “ஃபோர்க் இருக்கிறதா” என்று கேளுங்கள். பாதைகளைப் பிரிக்கும் குறிகூட (யூனிக்ஸில் முக்காற்புள்ளி, விண்டோஸில் அரைப்புள்ளி) அதிலேயே கிடைக்கும்.

5. `$!` லினக்ஸ்ல 111னு வருது, மேக்ல 61னு வருது. எது சரி?

இரண்டும் சரி. இணைப்பு மறுக்கப்பட்டது என்ற அதே பிழைக்கு லினக்ஸ் வைத்த எண் 111, மேக் வைத்த எண் 61. விண்டோஸின் சாக்கெட் அடுக்கில் அதுவே 10061. “இப்போது முடியாது, பிறகு முயற்சி செய்” என்ற பிழை லினக்ஸில் 11, மேக்கிலும் பிஎஸ்டிகளிலும் 35. ‘கோப்பு இல்லை’ என்பது மட்டும் எல்லா இடத்திலும் 2 என்பதால், பலர் அதை வைத்துப் பார்த்துவிட்டு மற்ற எண்களும் அப்படித்தான் என்று நம்பிவிடுகிறார்கள்.

`$!` ஒரே நேரத்தில் எண்ணாகவும் வாக்கியமாகவும் இருக்கும் மாறி. `$! + 0` என்றால் எண், மேற்கோளுக்குள் போட்டால் வாக்கியம். சோதனையில் இரண்டையும் நேரடியாக ஒப்பிடவேண்டாம். வாக்கியமும் தளத்துக்கும் மொழி அமைப்புக்கும் ஏற்ப மாறக்கூடியது. அதற்குப் பதில் `%!` என்ற ஹாஷைப் பயன்படுத்துங்கள். பிழையின் பெயரைச் சாவியாகக் கொடுத்தால், இப்போது `$!`-இல் இருப்பது அதே பிழைதானா என்று சொல்லிவிடும். ‘எர்நோ’ தொகுதியின் மாறிலிகளோடு ஒப்பிடுவதும் அதே பலனைத் தரும். எண் எதுவாக இருந்தால் என்ன, பெயர் நிலைத்து நிற்கும்.

விண்டோஸில் இன்னும் விவரமான காரணம் வேண்டும் என்றால் `$^ஈ` இருக்கிறது, விண்டோஸே சொல்லும் பிழை அதில் வரும். யூனிக்ஸ் தளங்களில் அது `$!`-தான். அதனால் இரண்டும் சமம் என்று சோதனை எழுதினால் லினக்ஸில் ஓடும், விண்டோஸில் விழும்.

6. ஃபைல் நல்லாத்தான் திறந்துச்சு. ஆனாலும் `$!`-ல ‘இனாப்ராப்ரியேட் ஐஆக்ட்ல்’னு ஏதோ இருக்கே?

மிகப் பழைய கேள்வி, ஆனால் நல்ல கேள்வி. சி நூலகம் தோல்வியின்போதுதான் பிழை எண்ணை எழுதுகிறது, வெற்றியின்போது அதை அழிப்பதில்லை. நீங்கள் ஒரு கோப்பைத் திறக்கும்போது, அது டெர்மினலா என்று உள்ளே ஒரு விசாரிப்பு நடக்கிறது. சாதாரணக் கோப்பு என்பதால் “இல்லை” என்று பதில் வரும்போது அந்தப் பிழை எண் பதிவாகிவிடுகிறது, லினக்ஸில் அது 25. கோப்பு திறந்தது உண்மை, எண் பதிவானதும் உண்மை.

ஆகவே `$!` உண்மையாக இருக்கிறதா என்று பார்த்து வெற்றி தோல்வியைத் தீர்மானிக்கக்கூடாது. செயல் திருப்பித் தந்த மதிப்பை முதலில் பாருங்கள், தோல்வி என்றால் மட்டும் `$!`-ஐப் பாருங்கள், அதையும் உடனே ஒரு சொந்த மாறியில் நகலெடுத்து வைத்துவிடுங்கள். நடுவில் ஒரு அச்சுக் கட்டளை வந்தால்கூட மதிப்பு மாறக்கூடும். “வெற்றிக்குப் பிறகு `$!` பூஜ்யம்” என்று சோதனை எழுதியிருந்தால் எடுத்துவிடுங்கள், அப்படி ஒரு வாக்கை யாரும் கொடுக்கவில்லை.

7. நிரல் 1னு சொல்லித்தான் வெளியேறுது. `$?`-ல ஏன் 256?

`$?` வெளியேறும் எண்ணை மட்டும் வைத்திருப்பதில்லை. மேல் 8 பிட்டில் வெளியேறும் எண், கீழே சிக்னல் எண். `$? >> 8` வெளியேறும் எண்ணைத் தரும், `$? & 127` எந்த சிக்னலால் செத்தது என்று சொல்லும், `$? & 128` கோர் கோப்பு (செத்த நிரலின் நினைவக நகல்) விழுந்ததா என்று சொல்லும். 1 என்பது 8 பிட் மேலே போனால் 256.

யூனிக்ஸில் நிரலைத் தொடங்கவே முடியவில்லை என்றால் `$?` -1 ஆக இருக்கும். விண்டோஸில் அதே நிலைமைக்கு 255-ஐ 8 பிட் தள்ளிய எண், அதாவது 65280 வரும். அங்கே `$? == -1` என்று எழுதிய சோதனை விழுந்ததும் பலர் பெர்ல் பிழை என்று நினைக்கிறார்கள். ‘பெர்ல்போர்ட்’டில் இது எழுதியே இருக்கிறது.

சிக்னல் விஷயமும் அப்படியே. விண்டோஸில் ஒரு ப்ராசஸை 9 அனுப்பிக் கொன்றால், அது 9 என்ற வெளியேறும் எண்ணோடு முடிந்ததாகவே கணக்கு. எனவே லினக்ஸில் கீழ்ப் பகுதியில் தெரியும் 9, விண்டோஸில் மேல் பகுதிக்குப் போய்விடும். சிக்னலைச் சோதிக்கும் பகுதியை விண்டோஸில் தவிர்த்துவிடுவதே நேர்மையான வழி. தவிர்ப்பது பற்றி 13ஆம் கேள்வியில் சொல்கிறேன்.

8. `$0`-க்கு தமிழ்ப் பேர் வெச்சேன். ‘டாப்’ல பாதிதான் தெரியுது, ஏன்?

லினக்ஸில் ஒரு ப்ராசஸுக்கு இரண்டு பெயர்கள் உண்டு. ஒன்று கட்டளை வரியில் இருப்பது. மற்றொன்று கர்னல் வைத்திருக்கும் சுருக்கப் பெயர், ப்ராசஸ் பட்டியலைக் காட்டும் ‘டாப்’ கருவியில் வழக்கமாகத் தெரிவது இதுதான். பெர்ல் 5.14இலிருந்து `$0`-இல் எழுதினால் இரண்டும் மாறும். சுருக்கப் பெயருக்குக் கர்னல் தரும் இடம் 16 பைட். அதில் ஒன்று முடிவுக் குறிக்குப் போக 15.

தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் யூடிஎஃப்-8இல் 3 பைட். ‘இரவுக்கணக்கு’ என்று பெயர் வைத்தால் கண்ணுக்கு 8 எழுத்து, குறியீடுகள் 12, பைட்டுகள் 36. 15 பைட்டில் 5 குறியீடுதான் அடங்கும்: இ, ர, வ, அதன் உகரக் குறி, க. மீதி வெட்டுப்பட்டு ‘இரவுக’ என்று நிற்கிறது. ‘க்’கின் புள்ளிகூட வெளியே விழுந்துவிட்டது. தமிழ்ப் பெயர் வைக்கவேண்டாம் என்று சொல்லமாட்டேன். பைட்டுகளாக மாற்றிக் கொடுங்கள், முதல் ஐந்து குறியீட்டுக்குள் அடையாளம் தெரியும்படி வையுங்கள்.

சோதனையைப் பொறுத்தவரை, எழுதியதைத் திரும்பப் படித்தால் அதே பைட்டுகள் வருகின்றனவா என்பதை எல்லாத் தளத்திலும் பார்க்கலாம். வெளியே என்ன தெரிகிறது என்பதை லினக்ஸில் மட்டும் பாருங்கள். பிஎஸ்டியில் உங்கள் பெயருக்கு முன்னால் ‘பெர்ல்:’ என்று ஒட்டிக்கொண்டு வரலாம், விண்டோஸின் டாஸ்க் மேனேஜரில் மாற்றமே தெரியாது.

9. விண்டோஸ்ல `$$` மைனஸ்ல வருது. ப்ராசஸ் எண் எப்படி மைனஸ் ஆகும்?

விண்டோஸில் யூனிக்ஸ் மாதிரி ஃபோர்க் கிடையாது. பெர்ல் அதைத் த்ரெட்களை வைத்துப் பாவனை செய்கிறது. பிறக்கும் ‘குழந்தை’ தனி ப்ராசஸ் இல்லை, போலி ப்ராசஸ். உண்மையான எண்ணோடு குழம்பாமல் இருக்க அதற்கு எதிர்ம எண் தரப்படுகிறது. தாய்க்குத் திரும்பும் எண்ணும் அதே எதிர்ம எண்தான், குழந்தைக்குள் `$$`-ம் அதே.

இதனால் உடைவது, ஃபோர்க் திருப்பித் தந்த எண் பூஜ்யத்தைவிடப் பெரியதா என்று எழுதிய நிரல்கள். வரையறுக்கப்படாத மதிப்பு என்றால் தோல்வி, பூஜ்யம் என்றால் குழந்தை, வேறு எதுவானாலும் தாய் என்று மூன்றாகப் பிரித்தால் எல்லா இடத்திலும் ஓடும். `$$` எண்தானா என்று பார்க்கும் சோதனையில் முன்னால் ஒரு கழித்தல் குறி வரலாம் என்று இடம் விடுங்கள்.

10. `%என்வ்`-ல நான் வெச்ச சாவி விண்டோஸ்ல பெரிய எழுத்தா மாறிடுச்சே?

விண்டோஸில் சூழல் மாறிகளின் பெயருக்குப் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு இல்லை. அதனால் பெர்ல் அங்கே சாவிகளைப் பெரிய எழுத்தாக்கி வைத்துக்கொள்கிறது. லினக்ஸில் இரண்டு தனிச் சாவிகளாக இருப்பவை விண்டோஸில் ஒன்றின்மேல் ஒன்று விழும். முழுவதும் பெரிய எழுத்திலேயே பெயர் வைத்தால் இந்தத் தொல்லை இல்லை. மதிப்பில் தமிழ் போடுவதானால் 8ஆம் கேள்வியில் சொன்னதுபோல் பைட்டுகளாக மாற்றிவிட்டே போடுங்கள், சூழலுக்குள் போவது பைட்டுகள் மட்டுமே.

“சுத்தமான சூழலில் சோதிக்கிறேன்” என்று `%என்வ்` முழுவதையும் காலி செய்கிறவர்கள் உண்டு. லினக்ஸில் பெரும்பாலும் தப்பித்துவிடலாம். விண்டோஸில் ‘சிஸ்டம்ரூட்’ போய்விட்டால் குழந்தை நிரலில் சாக்கெட்டே திறக்காமல் போகும், பிழைச் செய்தியைப் பார்த்தால் காரணம் புரியாது. வேண்டிய சாவியை மட்டும் லோக்கல் போட்டு மாற்றுங்கள், அந்த அடைப்புக்குறிப் பகுதி முடிந்ததும் பழைய மதிப்பு தானே திரும்பிவிடும்.

11. ‘சாம்ப்’ போட்டும் வரி முடிவுல ஏதோ ஒட்டிக்கிட்டே இருக்கு. `$/` தப்பா?

`$/` சரியாகத்தான் இருக்கிறது. சாம்ப் நீக்குவது `$/`-இல் உள்ளதை மட்டும், அதாவது புதுவரிக் குறியை. விண்டோஸில் எழுதிய கோப்பில் அதற்கு முன்னால் 13 என்ற எண்ணுள்ள இன்னொரு குறியும் இருக்கும். விண்டோஸ் பெர்ல் படிக்கும்போதே அதை விழுங்கிவிடுகிறது, லினக்ஸ் பெர்ல் விழுங்குவதில்லை. திரையில் அது தெரியாது, ஒப்பீடு மட்டும் தோற்கும்.

இதில் சோதனைக்கென்று ஒரு தனிப் பொறி இருக்கிறது: நிரலின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட். உங்கள் சோதனைத் தரவுக் கோப்புகளை விண்டோஸில் எடுக்கும்போது கிட் வரி முடிவுகளை மாற்றிவிடக்கூடும். லினக்ஸில் 40 பைட்டாக இருந்த கோப்பு அங்கே 43 ஆகும். அந்தக் கோப்புகளை மாற்றவேண்டாம் என்று கிட்டின் பண்புக் கோப்பில் எழுதிவையுங்கள், அல்லது சோதனையே தன் தரவைப் பைனரி முறையில் எழுதிக்கொள்ளட்டும். நான் இரண்டாவதைத்தான் செய்கிறேன்.

12. டெஸ்டுக்குள்ள இன்னொரு பெர்லை ஓட்டணும். ‘பெர்ல்’னு கூப்பிட்டா போதாதா?

போதாது. அது பாதையில் முதலில் கிடைக்கும் பெர்ல், நீங்கள் சோதிக்கும் பெர்ல் அல்ல. `$^எக்ஸ்` இப்போது ஓடிக்கொண்டிருக்கும் பெர்லைத் தரும். லினக்ஸில் கர்னலைக் கேட்டு முழுப் பாதையே தருகிறது. அந்த வசதி இல்லாத தளங்களில் நீங்கள் கூப்பிட்ட பெயர் அப்படியே வரலாம். சார்புப் பாதையாக இருந்தால், அடைவை மாற்றியதும் கிடைக்காமல் போகும். தொடக்கத்திலேயே முழுப் பாதையாக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

விண்டோஸில் அந்தப் பாதையில் இடைவெளி இருக்கலாம். சரமாக ஒட்டிக் கொடுக்காமல் பட்டியலாகக் கொடுங்கள். ஒற்றை மேற்கோளுக்குள் ஒரு வரி நிரல் எழுதிக் கொடுப்பதும் விண்டோஸ் ஷெல்லில் எடுபடாது, ஒற்றை மேற்கோள் அங்கே வெறும் எழுத்து. ஒரு தற்காலிகக் கோப்பில் நிரலை எழுதி அதை ஓட்டுவது எனக்கு எப்போதும் கைகொடுத்திருக்கிறது.

13. ஓடாத டெஸ்டை ஸ்கிப் பண்ணலாமா, டூடூன்னு போடலாமா, எடுத்துடலாமா?

அந்தத் தளத்தில் அந்த வசதியே இல்லை என்றால் ஸ்கிப். வசதி இருக்கிறது, நம் நிரல்தான் இன்னும் சரியில்லை என்றால் டூடூ. ஸ்கிப்பில் சோதனை ஓடாது. டூடூவில் ஓடும், தோற்றாலும் மொத்தத்தைத் தோற்கடிக்காது, எதிர்பாராமல் ஜெயித்தால் சொல்லும். எடுத்துவிடுவது எப்போதுமே கடைசி வழி.

ஸ்கிப்புக்குக் காரணம் எழுதுவதில் கஞ்சத்தனம் வேண்டாம். “விண்டோஸில் ஓடாது” என்பது காரணம் ஆகாது. “விண்டோஸில் சிக்னல் எண் `$?`-இன் கீழ்ப் பகுதியில் வருவதில்லை” என்பது காரணம். இரண்டு வருடம் கழித்துப் பார்க்கிறவர், அந்தக் காரணம் இன்னும் பொருந்துகிறதா என்று சரிபார்க்க முடியவேண்டும்.

14. `$>` பூஜ்யம்னா ரூட் யூசர்தானே?

யூனிக்ஸில் ஆம், அந்தப் பயனர் எண் எல்லா அனுமதியும் உள்ள ரூட்டுடையது. விண்டோஸ் பெர்லில் பயனர் எண் என்ற கருத்தே இல்லாததால் `$<`, `$>` இரண்டும் எப்போதும் பூஜ்யம். “ரூட்டாக ஓட்டாதே” என்று தடுக்கும் நிரல் அங்கே யாரையும் உள்ளே விடாது. இதைவிட மோசமானது, “ரூட் என்றால் இதைச் செய்” என்று எழுதிய நிரல் அங்கே சாதாரணப் பயனருக்கும் அதைச் செய்யப் போகும்.

சோதனையில் இது வேறு முகத்தோடு வரும். ஒரு கோப்பின் அனுமதியைப் பூஜ்யமாக்கி, “திறக்கமுடியாது” என்று எதிர்பார்க்கிறீர்கள். டாக்கருக்குள் பெரும்பாலும் ரூட்டாக ஓடுவதால் கோப்பு தாராளமாகத் திறக்கும். விண்டோஸில் அனுமதி மாற்றம் ‘படிக்க மட்டும்’ என்ற குறியை மட்டுமே தொடுவதால் அங்கேயும் திறக்கும். `$> == 0` என்றால் ஸ்கிப் என்று எழுதினால் இரண்டும் அடங்கிவிடும். ஆனால் காரணங்கள் இரண்டும் வேறு, ஸ்கிப் வரியில் இரண்டையும் எழுதுங்கள்.

15. என்கிட்ட ஒரு லினக்ஸ் லேப்டாப் மட்டும்தான் இருக்கு. மேக்குக்கும் விண்டோஸுக்கும் எங்கே போறது?

கிட்ஹப் ஆக்‌ஷன்ஸில் நம் சோதனைகளை அவர்களின் இயந்திரங்களில் ஓட்ட உபுண்டு, மேக், விண்டோஸ் மூன்றும் கிடைக்கின்றன, பொதுவில் திறந்த திட்டங்களுக்குக் கட்டணம் இல்லை. விண்டோஸில் ஸ்ட்ராபெரி பெர்லை வைத்து ஓட்டுங்கள். சீபானில் (பெர்ல் தொகுதிகளின் பொதுக் களஞ்சியம்) வெளியிடும் தொகுதி என்றால் சீபான் டெஸ்டர்ஸ் தன்னார்வலர்கள் தங்கள் இயந்திரங்களில் ஓட்டி அறிக்கை தருகிறார்கள். நாம் கண்ணால் பார்த்திராத தளங்களும் பழைய பெர்ல்களும் அதில் இருக்கும். யாரென்றே தெரியாத ஒருவர் தன் மின்சாரத்தில் நம் நிரலைச் சோதித்துத் தருகிறார். அந்த அறிக்கை ஒவ்வொன்றையும் நான் மதித்துப் படிக்கிறேன்.

விழுந்தால் மட்டும் பார்க்கலாம் என்று இல்லாமல், சோதனையின் தொடக்கத்திலேயே `$^ஓ`, `$]` (பெர்லின் பதிப்பு எண்), `$^எக்ஸ்`, `$>` நான்கையும் அச்சிடுங்கள். தொலைவில் உள்ள இயந்திரத்தைப் பற்றி நமக்குக் கிடைக்கும் சாட்சி அந்த வரிகள்தான்.

16. தனியா ஓட்டினா பாஸ், சேர்த்து ஓட்டினா எப்பவாச்சும் ஒரு தடவை ஃபெயில். இது எந்த ஓஎஸ் பிரச்சினை?

பெரும்பாலும் ஓஎஸ் பிரச்சினை இல்லை. இந்த மாறிகள் நிரல் முழுவதுக்கும் பொது. ஒரு சோதனை முழுக் கோப்பையும் ஒரே மூச்சில் படிக்க `$/`-ஐ வரையறுக்கப்படாத மதிப்பாக்கிவிட்டு அப்படியே விட்டால், அடுத்த சோதனை வரி வரியாகப் படிக்க நினைத்து முழுக் கோப்பையும் ஒரே வரியாகப் பெறும். 10ஆம் கேள்வியில் `%என்வ்`-க்குச் சொன்ன லோக்கல்தான் இதற்கும் மருந்து.

“எப்பவாச்சும்” என்று சொன்னதால் இன்னொன்றையும் பாருங்கள். குழந்தை ப்ராசஸ் முடியும்போது ஓடும் சிக்னல் கையாளி ஏதாவது வைத்திருக்கிறீர்களா? அது எந்த நொடியில் வேண்டுமானாலும் குறுக்கே வரும். அதற்குள் காத்திருப்புக் கட்டளை ஓடினால் `$!`, `$?` இரண்டும் மாறும். நீங்கள் ஒரு கோப்பைத் திறக்கத் தவறி, `$!`-ஐப் படிப்பதற்கு முந்தைய நூலிழை இடைவெளியில் அது ஓடிவிட்டால், “கோப்பு இல்லை” என்று இருந்த இடத்தில் “குழந்தை ப்ராசஸ் இல்லை” என்று இருக்கும். 6ஆம் கேள்வியில் சொன்ன நகலெடுப்பு இதை முழுவதும் தடுக்காது. கையாளியின் முதல் வரியிலேயே `$!`, `$?` இரண்டையும் லோக்கல் ஆக்கிவிடுங்கள், அதன் பிறகு கையாளி எப்போது ஓடினாலும் வெளியே இருக்கும் மதிப்பு கலையாது.